தாளம் தப்பிய தகரம்

எழுபத்தொன்பதா எண்பதா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. என் மூத்த மகள் பிறந்து ஒரு மாதம் நிறையாத நேரம். காலபோக நெல் வெட்டு முடிந்து, மூட்டைகள் வீட்டுக்குள் ஏறியிருந்த மாசி மாதம். விசுவமடுவில் இருந்து உள்ளே போகும் ஒரு குடியேற்றத் திட்டத்தில், காட்டோரத்துக் கடைசி வளவு எங்களுடையது. அந்த ஊருக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பொப் இசைக்குழு வந்து பாடியது. எங்கள் ஊர் அதுவரை கேட்டதில் பெரிய சத்தம் அதுதான். அந்த நிகழ்ச்சியை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. ஆனால் பார்த்த எல்லாரையும் விட எனக்குத்தான் அது அதிகம் நினைவிருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

நான் குடாநாட்டுப் பக்கத்தவள். கலியாணம் முடிந்து, கணவருக்குக் கிடைத்த காணியோடு வன்னிக்கு வந்தவள். அண்ணன்மாரின் வானொலிக்குப் பக்கத்தில் இருந்தே வளர்ந்ததால் எனக்குப் பாட்டுப் பைத்தியம். அதிலும் பொப் பாட்டு என்றால், அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் எழும்ப மாட்டேன். கொண்டு வந்த சாமான்களில் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஒரு சின்ன றேடியோவைத்தான். பற்றரி இறங்கிவிட்டால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டுக் கேட்பேன். வெறும் தகரப் பேணியை உருட்டுகிற சத்தத்துக்கு ஏன் பற்றரியை வீணாக்குகிறாய் என்று கணவர் கேட்பார். அப்படிக் கேட்ட மனுசன்தான், சனசமூக நிலையத்தார் கூட்டம் கூடி இசைக்குழுவைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்தபோது, முன்வரிசையில் இருந்து தலையாட்டிவிட்டு வந்தார். மேடை போடும் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

எலெக்ட்ரிக் கிற்றாரை நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அது எங்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள விளையாட்டு மைதானத்துக்கு வரப்போகிறது. எனக்கோ பிள்ளை பிறந்த துடக்கு. முப்பத்தோராம் நாள் கழியும்வரை வாசல் படலையைத் தாண்டக் கூடாது. பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக ஊரில் இருந்து வந்திருந்த அம்மா அந்த விஷயத்தில் நூல் பிசக மாட்டார். பிள்ளையைத் துணியால் சுற்றிக்கொண்டு மைதானத்து மூலையில் கொஞ்ச நேரம் நிற்கட்டா என்று ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அம்மா பார்த்த பார்வையில் சட்டியில் இருந்த பால் திரைந்திருக்கும். பேய் பிசாசு அண்டக்கூடாது என்று என் தலையணைக்குக் கீழே வைத்திருந்த பாக்குவெட்டி சரியாக இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அழுகைதான் வந்தது. பிள்ளை பெற்றதற்குத் தண்டனை போல இருந்தது எனக்கு.

எங்கள் ஊரில் இரவு நிகழ்ச்சி வைப்பதில்லை. சுற்றியிருந்த ஊர்களில் இருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் சனம் வரும். பொழுதுபட்டால் தெருவில் யானை இறங்கும். அதனால் பின்னேரம் தொடங்கி, இருட்டுவதற்குள் முடிப்பது என்று பேச்சு. இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டார்கள். மேடையின் முதுகு எங்கள் வீட்டுப் பக்கம். முகம் மைதானத்தைப் பார்த்தபடி. மேடையைத் திருப்பிப் போட்டால் என்ன என்று கணவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார்.

யானையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, தகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு வளவிலும் ஒரு வெறும் மண்ணெண்ணெய்த் தகரம் தொங்கும். யானையைக் கண்ட வீடு தகரத்தைத் தட்டும். கேட்ட வீடு தன்னுடையதைத் தட்டும். அப்படியே ஊர் முழுக்கப் போய்ச் சேரும். ஆண்கள் பந்தத்தோடும் யானை வெடியோடும் வருவார்கள். அதிலும் ஒரு முறை இருந்தது. விடாமல் தட்டினால், "யானை நிற்கிறதாம், நீயும் தட்டு" என்று அர்த்தம். மூன்று அடி அடித்து நிறுத்தி, திரும்ப மூன்று அடி அடித்து நிறுத்தினால், யானை எங்கள் வளவுக்குள்ளேயே நிற்கிறது, ஓடி வாருங்கள் என்று அர்த்தம். வந்த புதிதில் எனக்கு இது விளையாட்டாக இருந்தது. முதல் வெட்டு முடிந்த காலத்தில், நெல்லு வாசத்துக்கு ஒரு வீட்டுச் சுவரை யானை தள்ளியதைப் பார்த்த பிறகு விளையாட்டு விட்டுப்போயிற்று.

நிகழ்ச்சி நாள். நல்ல வெயில். பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, அப்போதுதான் நித்திரையாக்கியிருந்தேன். திடீரென்று மைதானப் பக்கம் தகரச் சத்தம். விடாத தகரம். பட்டப்பகலில் யானையா என்று யோசிக்கவும் நேரம் இல்லை. கை தானாகப் போய், வீட்டுக்குப் பின்னால் சமைக்கிற குசினியின் வாசலில் தொங்கிய தகரத்தைத் தட்டியது. பக்கத்து வளவில் இருந்தவர்கள் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். அவர்கள் தட்டினார்கள். அடுத்த வளவு, அதற்கடுத்த வளவு என்று ஊர் முழுக்கத் தகரம். மைதானத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஆண்களும் தடிகளோடு வயற்பக்கம் ஓடியிருக்கிறார்கள். இசைக்குழுக்காரர் பயந்துபோய்த் தாங்கள் வந்த வான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம்.

கடைசியில் பார்த்தால், அவர்களுடைய ட்ரம்ஸ்காரர் வாத்தியத்தைச் சரிபார்க்க அடித்துப் பார்த்திருக்கிறார். அந்த வெண்கலத் தட்டுச் சத்தம்தான் எங்கள் எல்லாருடைய காதிலும் தகரமாக விழுந்திருக்கிறது.

வெட்கம் என்றால் வெட்கம். நகரத்துக்காரர் முன்னால் ஊர் மானம் போய்விட்டது என்று நிலையத்தார் கொதித்தார்கள். உடனே ஒரு தீர்மானமும் போட்டார்கள். நிகழ்ச்சி முடியும்வரை ஒரு வீட்டிலும் தகரம் தட்டக் கூடாது. இந்தச் சத்தத்துக்கு யானை ஒரு மைலுக்குள்ளும் வராது, காவலும் வேண்டாம், எல்லாரும் வந்து பாருங்கள் என்று அறிவித்தார்கள். வருசம் முழுக்கப் பரணில் கிடந்து காவல் காத்த ஆண்களுக்கு அதைவிட நல்ல செய்தி உண்டா?

என் கணவர் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றக் கையோடு வீட்டுக்கு வந்தார். கூட ஒருவர் வந்தார். ட்ரம்ஸ்காரர் என்று சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தலைமுடி தோள்வரை தொங்கும், கால்சட்டை தெருவைக் கூட்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். வந்தவர் தடித்த கண்ணாடி போட்ட, முன்தலை மொட்டையான, கணக்குப் படிப்பிக்கும் வாத்தியார் மாதிரி ஒருவர். துடக்கு வீடு என்று அறிந்து படலைக்கு வெளியிலேயே நின்றார். தன்னால் ஊருக்கு ஏற்பட்ட கரைச்சலுக்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு, கணவரிடம் கொடுக்க நான் கழற்றிக்கொண்டு வந்த தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அதை எப்பிடி அடிக்கிறனீங்கள்? ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோவன்" என்றார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டவர் ஒரு பாட்டுக்காரர். தகரத்தில் அடித்தால் திரும்பவும் ஊர் கூடிவிடும் என்று, பாக்குவெட்டியால் கதவு நிலையில் மெல்லத் தட்டிக் காட்டினேன். விடாமல் அடிப்பதையும் காட்டினேன். மூன்றும் நிறுத்தமுமாக அடிப்பதையும் காட்டினேன். அவர் பையில் இருந்து இரண்டு குச்சிகளை எடுத்து, எங்கள் படலைக் கம்பில் அதையே அடித்துப் பார்த்தார். ஒரு அடி பிசகவில்லை. நிறுத்தம் எவ்வளவு நேரம் என்று கேட்டார். மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம் என்றேன். அதற்கும் தலையாட்டிக்கொண்டார். இதை மட்டும் நான் மேடையில் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்தார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கணவர் தகரத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய், என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, தட்டினாயோ தெரியும் என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

வெயில் தணிய நிகழ்ச்சி தொடங்கியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? றேடியோவில் கேட்ட பாட்டு வேறு, இது வேறு. காதால் கேட்பதற்கு முன்பே கட்டில் காலில் வந்து நின்றது. மண்சுவரில் கை வைத்தால் அதிர்ந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, இது பாட்டோ பனை விழுகிறதோ என்று திட்டினார். பிள்ளை முழித்து அழுவாள் என்று பயந்தேன். அவளோ கைகளை விரித்துக்கொண்டு இன்னும் நன்றாக நித்திரை கொண்டாள். நான் கட்டிலில் இருந்தபடி ஒவ்வொரு பாட்டுக்கும் வாயசைத்துக்கொண்டிருந்தேன். சனம் கத்துவதும் விசிலடிப்பதும் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமும் அவ்வளவு ஏக்கமும் ஒன்றாக நான் அனுபவித்ததில்லை.

சனம் விடவில்லைப் போலிருக்கிறது. ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டு என்று நேரம் இழுபட்டது. வெளியே மம்மல் இருட்டாயிற்று. அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டு அம்மா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். பொழுதுபட்டும் வீட்டு ஆம்பிளை வரவில்லை, நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளிக்கிட்டார். கதவைச் சாத்திக்கொள், உடனே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் பிள்ளையும் நாயுமாக வீட்டில் மூன்று பேர்.

அம்மா போய்க் கொஞ்ச நேரத்தில் நாய் குரைத்தது. வெளியே பாய்ந்து போய்க் குரைக்கும் நாய், வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே வந்து படுத்தது. பிறகு ஒரு வாடை. வன்னியில் இருந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். பின்பக்கம் கூரைக் கிடுகு சர்ரென்று உரிந்தது.

எங்கள் வீடு ஒரே அறை. பின்சுவரோடு நெல் மூட்டைகளை முகடு முட்ட அடுக்கியிருந்தோம். முன்பக்கம் கட்டிலில் நானும் பிள்ளையும். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளியே ஓடிவிடலாம் என்று முன்கதவை விரற்கடை அளவு திறந்தேன். முற்றத்து முருங்கைக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது. காதை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது. நான் கதவைச் சாத்தினேன். சத்தமில்லாமல் சாத்தினேன் என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டுச் சத்தத்தில் நான் கதவைப் பிய்த்து எறிந்திருந்தாலும் கேட்டிருக்காது.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாட்டு உச்சத்தில் இருந்தது. பின்சுவரில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மேல் மூட்டை ஒன்று அசைந்தது. அந்த மூட்டை சரிந்தால் நானும் பிள்ளையும் ஒதுங்க இடம் இல்லை. அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே தகரம் கிடப்பது நினைவுக்கு வந்தது. கணவர் அதை வழமையான இடத்தில் விட்டிருந்தால், அது யானை நிற்கும் பக்கம், குசினி வாசலில் தொங்கியிருக்கும்.

பிள்ளையை மடியில் போட்டு, முழங்காலால் அணைத்துக்கொண்டு, பாக்குவெட்டியால் தகரத்தை அடிக்கத் தொடங்கினேன். மூன்று அடி, நிறுத்தம். மூன்று அடி, நிறுத்தம். நாலைந்து முறை அடித்த பிறகுதான் கவனித்தேன், நான் மூன்றும் நிறுத்தமுமாக அடிக்கவில்லை. பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த பாட்டு அது. எத்தனையோ தரம் றேடியோவில் கேட்டுச் சுளகிலும் அம்மியிலும் தாளம் போட்ட பாட்டு. அந்த ட்ரம்ஸ் போகிற வழியிலேயே என் கையும் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பயம் யானைப் பயத்தை விடப் பெரிதாக இருந்தது. பாட்டோடு சேர்ந்து அடித்தால் என் தகரம் பாட்டுக்குள் போய்விடும். யாருக்குக் கேட்கும்? கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பாட்டைக் கேட்காதே, கேட்காதே என்று என்னையே திட்டினேன். பிள்ளையின் மூச்சு என் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது. மூன்று அடித்தேன். மூச்சை இழுத்து விட்டேன். மூன்று அடித்தேன். தாளம் இழுத்தது. விடாமல் பிழையாக அடித்தேன். பாட்டுப் பைத்தியமான எனக்கு, வேண்டுமென்றே ஒரு பாட்டைக் கெடுத்து அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பின்சுவரில் ஒரு துண்டு உள்ளே விழுந்தது. ஓட்டையால் தும்பிக்கை வந்து மூட்டையைத் தடவியது. லாம்பு வெளிச்சத்தில் அதன் நுனி ஈரமாக மினுங்கியது. நான் அடிப்பதை நிறுத்தவில்லை.

அப்போது ட்ரம்ஸ் நின்றது.

பாட்டு முடியவில்லை, ட்ரம்ஸ் மட்டும்தான் நின்றது. கிற்றார்கள் கொஞ்சத் தூரம் தனியாகப் போய், தடுமாறி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பாடியவரும் நடுச்சொல்லில் நிறுத்தினார். சனம் ஊளையிட்டது. விசிலடித்தது. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. பாட்டுக்காரரின் குரல் இல்லை. படலையில் நின்று என்னோடு கதைத்த குரல்.

"ஒருத்தரும் கதைக்காதேங்கோ. ஒருக்காப் பேசாமல் இருங்கோ. பின்னால ஆரோ தகரம் தட்டுகினம்."

மைதானம் அடங்கியது. அத்தனை பெரிய சத்தத்துக்குப் பிறகு அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஜெனரேற்றர் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க வேறு சத்தம் இல்லை. என் தகரம் மட்டும். மூன்று, நிறுத்தம். மூன்று, நிறுத்தம்.

திரும்பவும் அந்தக் குரல் வந்தது. இந்த முறை சனத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"தங்கச்சி, எங்களுக்குக் கேக்குது. விடாமல் அடியுங்கோ. ஆக்கள் வருகினம்."

அதுவரை என் சத்தத்தை விழுங்கிய அதே ஒலிபெருக்கிதான் இதைச் சொன்னது. எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே அடித்தேன். உழவு இயந்திரங்கள் உறுமி எழும்பியதும், ஆண்கள் கூக்குரல் இட்டதும், எங்கள் ஒழுங்கைப் பாதையால் வெளிச்சம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. எல்லாவற்றுக்கும் மேலே கலீர் கலீரென்று ஒரு சத்தம். ட்ரம்ஸ்காரர் தன்னுடைய வெண்கலத் தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, யாரோ கொடுத்த இரும்புக் கம்பியால் அதை அடித்துக்கொண்டே உழவு இயந்திரப் பெட்டியில் நின்று வந்திருக்கிறார். முற்றத்தில் நின்றது முதலில் திரும்பியது. பின்னால் நின்றது ஒரு மூட்டையை இழுத்து வெளியே போட்டு, மிதித்து, நெல்லைச் சிதறிவிட்டுக் காட்டுப் பக்கம் போனது. யானை வெடியும் அதன் பிறகுதான் வெடித்தது.

கதவைத் தள்ளித் திறந்தவர் கணவர். என் கையில் இருந்த பாக்குவெட்டியைக் கழற்றி எடுக்கப் பார்த்தார். விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாக விரித்து எடுத்தார். பிள்ளை அப்போதும் நித்திரை. அம்மா பின்னாலே ஓடிவந்து, என்னையும் பிள்ளையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். மருமகனைக் கூட்டி வரப் போனவர், முன்வரிசைக் கதிரை ஒன்று வெறுமையாக இருக்க, ஒரே ஒரு பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போவோம் என்று இருந்துவிட்டாராம். அதைச் சொல்லி நாங்கள் அம்மாவை அவர் சாகும்வரை பகிடி பண்ணினோம். அன்றைக்கு யாரும் பகிடி பண்ணவில்லை.

எல்லாரும் உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, ட்ரம்ஸ்காரர் மட்டும் பின்னேரம் நின்ற அதே இடத்தில், படலைக்கு வெளியே நின்றார். துடக்கு வீடு என்பதை அவர் மறக்கவில்லை. நூல் பிசகாத என் அம்மா எழும்பிப் போனார்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி. இனி எங்களுக்கு என்ன துடக்கு" என்றார்.

அவர் வந்து வாசற்படியில் இருந்தார். அம்மா பிள்ளையைக் கொண்டுபோய் அவருடைய கையில் வைத்தார். பிள்ளையைத் தூக்கத் தெரியாமல், கண்ணாடி மூக்கில் இறங்க, அப்படியே அசையாமல் வைத்திருந்தார். அந்தச் சத்தத்துக்குள் எப்படிக் கேட்டது என்று கணவர் கேட்டார். ஸ்பீக்கர்கள் சனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, தான் இருந்ததோ அவற்றுக்குப் பின்னால், மேடையின் கடைசியில், முதுகு எங்கள் வீட்டுப் பக்கம் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"முதல் எனக்குக் கோவம்தான் வந்தது, தங்கச்சி. ஆரோ தாளம் தப்பி அடிக்கினம் எண்டு நினைச்சன். பாத்தா, ஒவ்வொருக்காலும் ஒரே மாதிரித் தப்புது. அப்பதான் உங்கட கதவு நிலை ஞாபகம் வந்தது. நீங்கள் தாளத்தோட அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காது."

முதலில் தாளத்தோடு அடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நன்றி என்று ஒரு சொல்லாவது சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

யானைகள் எங்கள் பக்கம் வந்ததற்கான காரணத்தை ஆண்கள் பிறகு கதைத்துக் கண்டுபிடித்தார்கள். சத்தத்துக்கு யானை வராது என்றது சரிதான். சத்தம் இருந்த மைதானப் பக்கம் அவை வரவில்லை. சுற்றிக்கொண்டு, சத்தம் குறைந்த பக்கமாக, காட்டோரத்துக் கடைசி வளவுக்கு வந்திருக்கின்றன. தகரம் தட்டக் கூடாது என்று தீர்மானம் போட்ட நிலையத்தார் அந்தத் தீர்மானத்தைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை.

நிகழ்ச்சி அப்படியே நின்றுபோகவில்லை. வெளியூர்ச் சனத்தை அந்த இருட்டில் அனுப்ப முடியாது, ஆண்கள் பந்தங்களோடு ஊரைச் சுற்றி நிற்கட்டும், விடிந்து தெரு வெளிக்கும்வரை எல்லாரும் மைதானத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது. சும்மா இருப்பானேன் என்று குழுவினர் திரும்ப ஏறினார்கள். ட்ரம்ஸ்காரரின் வெண்கலத் தட்டு இரும்புக் கம்பி அடியில் வெடித்துப்போயிருந்தது. அதன் சத்தம் இப்போது உண்மையாகவே தகரச் சத்தமாகத்தான் இருந்தது. நிறுத்திய பாட்டைத் தொடக்கத்தில் இருந்து திரும்பப் பாடினார்கள். சுவரில் யானை போட்ட ஓட்டையோடு, கணவர் ஒரு பக்கமும் அம்மா மறு பக்கமுமாக இருக்க, நான் அதை முழுதாகக் கேட்டேன். இந்த முறை ஸ்பீக்கர் ஒன்றை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். யார் சொல்லித் திருப்பினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பேணி உருட்டுகிற சத்தம் என்று சொல்லும் மனுசன், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கால் பெருவிரலால் தாளம் போட்டதை மட்டும் பார்த்தேன்.

அடுத்த நாள் விடிய அவர்களுடைய வான் ஆனையிறவு தாண்டிப் போய்விட்டது. அம்மா புது நெல் குத்திய அரிசியும் ஒரு போத்தல் தேனும் கொடுத்துவிட்டிருந்தார். அந்த மனிதரை நான் திரும்பப் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு கந்தோரில் மேசை வேலை செய்பவர் என்று கேள்விப்பட்டோம். பிறகு எங்கே போனார், இருக்கிறாரா என்றும் தெரியாது. அந்தத் தகரம், பாக்குவெட்டி அடித்த பள்ளங்களோடு, குசினி வாசலில் பல வருசம் தொங்கியது. அந்த வீட்டை விட்டு ஓடியபோது அதையும் விட்டுவிட்டுத்தான் ஓடினோம்.

பிறகு வந்த சண்டைக் காலத்தில் எங்கள் ஊர் கேட்ட சத்தங்களை நான் சொல்லத் தேவையில்லை. இசைக்குழுவின் சத்தமெல்லாம் அவற்றுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தச் சத்தங்களுக்குள்ளும் எத்தனையோ வீடுகளில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் போன்றவர்கள் தங்கள் தங்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பெரிய சத்தங்களில் ஒன்றும் எங்களுக்காக நின்றதில்லை. அவ்வளவு பெரிய சத்தத்துக்குள் இருப்பவர்களுக்கு எங்கள் சத்தம் எப்படிக் கேட்கும் என்று ஆறுதலுக்குச் சிலர் சொல்வார்கள். நான் அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஒரு மாசி மாதப் பின்னேரம், ஊரிலேயே பெரிய சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், எனக்கும் என் பிள்ளைக்குமாகத் தன் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.